குரோஷா, தையல் பரிசுகள்: துவைக்கப்போவது யார் என்று முதலில் கேளுங்கள்

மெஷினில் நேர்த்தையல் ஓட்டத் தெரியும், கொக்கி ஊசியால் நூலைக் கண் கண்ணாகப் பின்னும் குரோஷாவில் செயின், சிங்கிள், டபுள் என்ற அடிப்படைக் கண்கள் வரை கை பழகியிருக்கிறது என்கிறீர்கள். தை மாதம் தோழிக்குக் கல்யாணம், நாத்தனாருக்கு இது ஏழாம் மாதம், அப்பாவுக்கு அறுபது நிறைகிறது; மூன்று பேருக்கும் கடையில் வாங்காமல் கையால் செய்து கொடுக்க ஆசை, என்ன செய்யலாம், எந்த நூல், எந்தத் துணி என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு பெரிய குரோஷா கட்டில் விரிப்பின் படத்தைக் காட்டி, தோழிக்கு இதைப் பின்ன முடியுமா என்றும்.

விரிப்பிலிருந்தே தொடங்குகிறேன். முடியும், ஆனால் வேண்டாம். இரட்டைக் கட்டிலுக்கு என்றால் நூலே கிலோக் கணக்கில் போகும். பழகிய கைக்கே மாதக்கணக்கில் இழுக்கும் வேலை அது. தை மாதம் உங்களுக்காகத் தள்ளிப்போகாது. அதைவிடப் பெரிய சிக்கல் கொடுத்த பிறகுதான். பருத்தி நூல் விரிப்பு தண்ணீரைக் குடித்துவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து பிழிய வேண்டும். கொடியில் போட்டால் தன் கனத்திலேயே நீண்டு கோணிப்போகும். புதிதாக ஃப்ளாட்டில் குடித்தனம் வைக்கும் பெண் அதை எங்கே காயப்போடுவாள்? ஒரு தடவை விரித்து ஃபோட்டோ எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோ மேல்தட்டில் ஏற்றிவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

டிவி மேல் ஒன்று, ஃப்ரிட்ஜ் மேல் ஒன்று, டெலிபோனுக்கு ஒன்று என்று குரோஷா விரிப்பு போட்டிருந்த வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அழகான வேலைதான். ஆனால் யாரும் தொடாத பொருளாகவே அதைப் போட்டதால், தூசி படிந்து பழுத்துப்போனதும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். பரிசாகச் செய்யும் எதையும் நான் துவைக்கிற இடத்திலிருந்து பின்னோக்கி யோசிப்பேன். யார் துவைப்பார்கள், மெஷினிலா கல்லிலா, எங்கே காயும், இஸ்திரி போடுவார்களா? இந்த நாலுக்கும் பதில் கிடைத்துவிட்டால் எந்த நூல், எந்தத் துணி, எவ்வளவு பெரிசு என்பதில் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் நூல். கடையில் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கொடுப்பது அக்ரிலிக். விலை குறைவு, நிறம் ஏராளம், மெஷினில் போட்டாலும் சுருங்காது. பொம்மைக்கும் பைக்கும் நல்லது. ஆனால் வேர்வையை உறிஞ்சாது, சூட்டில் உருகும். அதனால் சென்னை, மதுரை வெயிலில் பிறக்கும் குழந்தைக்கு அக்ரிலிக் ஸ்வெட்டர் பின்னுவது வீண். அதைவிட மோசம் அக்ரிலிக்கில் பிடிதுணி பின்னிக் கொடுப்பது. தோசைக்கல்லில் பட்டால் இளகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். அடுப்படிக்குப் போகும் எதுவும் முழுப் பருத்தியாக இருக்கட்டும், அதுவும் இரண்டு அடுக்காக. நடுவில் வைப்பதும் பழைய பருத்தித் துவாலைத் துண்டாகவே இருக்கட்டும், ஃபைபர் ஷீட் வேண்டாம். நிஜக் கம்பளி நூல் ஊட்டி, கொடைக்கானல் வீட்டுக்கோ கனடாவில் இருக்கும் தங்கைக்கோ சரி. அதையும் வாங்கும்போதே மெஷினில் துவைக்கத்தக்க வகையா என்று லேபிளைப் பாருங்கள். சாதாரணக் கம்பளியை வெந்நீரில் சுழற்றினால் இறுகி, பெரியவர் தொப்பி பொம்மைக்குப் போடுகிற அளவுக்கு வந்துவிடும்.

நம் ஊருக்குப் பருத்தி. நாலு இழைப் பருத்தி நூலுக்கு 2.5 அல்லது 3 மி.மீ ஊசி. லேஸ் நூல் என்றால் எண் கூடக்கூட நூல் மெலியும்: 10ஆம் எண் பிடிக்கக் கொஞ்சம் கனம், 20 மெலிசு, 40 தலைமுடி மாதிரி. வாங்கும்போது வேலைக்கு வேண்டிய எல்லா உருண்டைகளையும் ஒரே தடவையில் வாங்குங்கள். லேபிளில் லாட் எண் (சேர்த்துச் சாயம் போட்ட தொகுதியின் எண்) போட்டிருக்கும், எல்லாவற்றிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். அதே நிறம் என்று பிறகு வாங்கிச் சேர்க்கும் உருண்டை, பின்னி முடித்த பிறகு வெயிலில் வைத்துப் பார்த்தால் கோடு போட்டதுபோல் தெரியும்.

துணிக்கு ஒரே சட்டம்: வெட்டுவதற்கு முன் நனையுங்கள். கஞ்சி போகட்டும், சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். பருத்தியில் மீட்டருக்கு மூன்று நாலு சென்டிமீட்டர் சுருங்குவது சாதாரணம். சாயம் போகிறதா என்று பார்க்க, நனைத்த துணியின் மேல் வெள்ளைத் துணியை வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்துங்கள். சிவப்பும் மெரூனும்தான் கழுத்தறுப்பவை. உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று எல்லா வீட்டிலும் ஒருவர் சொல்வார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். ஐந்தாறு தடவைக்குப் பிறகும் தெளியவில்லையென்றால் அந்தத் துணி பரிசுக்கு ஆகாது.

இனி தோழி. உங்களுக்கு வரும் இரண்டு வேலையையும் சேர்த்து ஒரு ஜோடி தலையணை உறை செய்யுங்கள். வெள்ளை அல்லது சந்தன நிறக் கேம்பிரிக் (நெருக்கி நெய்த மெல்லிய பருத்தித் துணி), வாய்ப்பக்கத்தில் மட்டும் குரோஷா லேஸ். தினமும் பயன்படும், மெஷினில் துவைக்கலாம், கஷ்டப்பட்டுப் பின்னிய பகுதி முகத்தில் உறுத்தாது. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தலையணை 17க்கு 27 இஞ்சு என்று வைத்துக்கொள்வோம் (தோழியின் அம்மாவிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வீடு மாறும்). ஒரு உறைக்கு அகலம் 19½, நீளம் 65 இஞ்சு வெட்டுங்கள். நீளத்தை இரண்டாக மடித்தால் அடிப்பக்கம் மடிப்பாகவே இருக்கும், அங்கே தையல் வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் ஓவர்லாக் இல்லாமல் பிரெஞ்ச் தையல் போடலாம். நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்து முதலில் கால் இஞ்சில் ஒரு தையல். பிசிரை நறுக்கிவிட்டு, உள்வெளியாகத் திருப்பி, நகத்தால் கீறி மடிப்பை நிறுத்தி, அதற்கு உள்ளே இன்னொரு தையல். பிசிர் முழுக்க உள்ளே மாட்டிக்கொள்ளும், எத்தனை துவையலுக்கும் நூல் பிரியாது. வாயில் அரை இஞ்சு, பிறகு இரண்டு இஞ்சு மடித்து ஓட்டினால் 30 இஞ்சு நீள உறை. தலையணைக்கு வெளியே கொஞ்சம் தொங்கும், அங்கேதான் லேஸ்.

குரோஷா ஊசி கேம்பிரிக்கில் நேராக இறங்காது. கட்டாயப்படுத்திக் குத்தினால் துணியில் ஓட்டைவிடும். அதனால் முதலில் சாதாரணத் தையல் ஊசியில் அதே லேஸ் நூலைக் கோத்து, வாய் முழுக்கக் காஜா எடுப்பதுபோல் தையல் போடுங்கள். விளிம்பிலிருந்து கால் இஞ்சு உள்ளே, தையலுக்குத் தையல் கால் இஞ்சு இடைவெளி. விளிம்பின் மேல் நூல் பாலம் பாலமாக நிற்கும். 10ஆம் எண் நூலும் 1.5 மி.மீ ஊசியும் எடுத்து ஒவ்வொரு பாலத்திலும் இரண்டு சிங்கிள். வாய் சுற்றளவு 36 இஞ்சு, இஞ்சுக்கு நாலு பாலம், ஆக 288 சிங்கிள். அடுத்த சுற்றில் சிப்பி: ஒரு சிங்கிள், இரண்டு கண் தாண்டி மூன்றாவதில் ஐந்து டபுள், மறுபடி இரண்டு தாண்டி ஒரு சிங்கிள். ஒரு சிப்பிக்கு ஆறு கண் செலவாகும், 288க்குச் சரியாக 48 சிப்பி. கண் ஒன்றிரண்டு கூடிக் குறைந்திருந்தால் முதல் சுற்றிலேயே, பக்கத் தையல் வரும் இடத்தில் சரிக்கட்டிவிடுங்கள். அங்கே யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

நான் சிங்கிள், டபுள் என்பது அமெரிக்கக் கணக்கு. பிரிட்டிஷ் பேட்டர்னில் இதே சிங்கிளை டபுள் என்று எழுதியிருப்பார்கள். வேறு எங்காவது பேட்டர்ன் எடுத்தால் எந்த முறை என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இந்த மாதிரி லேஸ் வேலைக்குத் தெற்கில் நல்ல பழக்கம் உண்டு. 1820களில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கேயும் அதே வேலையைத் தொடங்கினார். அது திண்டில் குண்டூசி குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றி முறுக்கும் வேறு வகை. குரோஷா லேஸுக்குப் பேர்போனது ஆந்திராவின் நர்சாபூர். கோதாவரிப் பக்கத்துப் பெண்கள் தலைமுறைகளாக வீட்டிலிருந்தே பின்னுகிறார்கள். ஸ்வெட்டரைப் பின்ன மெஷின் இருக்கிறது, குரோஷாவுக்கு அப்படிக் கடைக்குச் சரக்கு போடும் மெஷின் கிடையாது. கடையில் குரோஷா டாப்ஸ் இருநூறு ரூபாய்க்குத் தொங்குவதைப் பார்த்தால் எனக்கு அந்தக் கைக்கு எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்றுதான் தோன்றும்.

நாத்தனார் விஷயத்தில் முதலில் ஒன்று. குழந்தை பிறப்பதற்கு முன் அதற்கென்று எதுவும் வாங்கவோ தைக்கவோ கூடாது என்று பல வீடுகளில் இருக்கிறது. உங்கள் புகுந்த வீட்டில் எப்படி என்று மாமியாரிடம் கேளுங்கள். அந்தச் சாக்கில் அவருடைய பழைய பருத்திச் சேலை ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் சொல்லப்போவது அதில்தான். புதுத் துணி எதுவும் பத்து வருஷம் துவைத்த சுங்குடிச் சேலையின் மென்மைக்கு வராது. தவிர, பிறக்கப்போகும் குழந்தைக்கு அது பாட்டியின் சேலை.

பருத்திதானா என்று சந்தேகமிருந்தால் ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலானால் பருத்தி. சுருண்டு கறுப்பு மணியாக உறைந்தால் பாலியஸ்டர் கலந்தது, அது வேண்டாம். பார்டரையும் முந்தானையையும் வெட்டி எடுத்துவிடுங்கள். பார்டர் நெசவு கனம், சேலையின் உடல் பகுதியோடு சேர்ந்து சுருங்காது. ஜரிகை இருந்தால் கீறும். மிஞ்சும் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நைந்த இடங்களை ஒதுக்கி, ஒரு மீட்டர் சதுரமாக நாலு துண்டு. தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மூலைகளுக்குக் கனம் வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் நீவிக்கொண்டே போங்கள். அதே திசையில் பெரிய பெரிய நூலோட்டம் போட்டு நாலையும் பிணைத்துக்கொள்ள வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி சேர்ந்து புடைத்துவிடும், பிறகு எத்தனை இஸ்திரி போட்டாலும் போகாது. அதன்பின் ஒரு இஞ்சுக்கு ஒரு வரியாக ஓட்டுத்தையல். மெஷினில் ஓட்டலாம், கையால் போட்டால் துணி விறைக்காது. ஓரத்துக்கு மல் துணியில் குறுக்குவாட்டில் வெட்டிய பட்டை. நூலோட்டத்தைக் கடைசியில் உருவிவிடுங்கள். மெஷினிலோ வாளியிலோ போடலாம், வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். பிஞ்சுக் குழந்தை நனைக்கிற நனைப்புக்கு அதுதானே வேண்டும்.

இது படுக்கவைக்கவும் மடியில் வைத்துக்கொள்ளவும். தூங்கும் கைக்குழந்தையின் பக்கத்தில் தலையணை, பொம்மை, கனத்த போர்வை எதுவும் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதை, கொடுக்கும்போது நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

குரோஷாவிலும் குழந்தைக்கு ஏதாவது வேண்டுமென்றால் பருத்தித் தொப்பி ஒன்று போதும். பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு 34, 35 சென்டிமீட்டர் இருக்கும். பின்னல் இழுபடும் என்பதால் தொப்பியை 32, 33இல் நிறுத்தலாம். ஆனால் ஒரு வயதுக்குள் தலை 45ஐத் தொட்டுவிடும் என்பதால், பெயர்சூட்டும் நாளுக்குப் பிறகுதான் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் 40க்குப் பின்னுங்கள். காலுறை, கையுறையில் ஓட்டை ஓட்டையான டிசைன் வேண்டாம், உள்பக்கம் நூல் கண்ணி தொங்கவும் கூடாது. குட்டி விரலில் நூல் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், அழுகிற குழந்தைக்கு எங்கே வலிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கழுத்தில் கட்டும் நாடாவும் அப்படித்தான், வேண்டாம்.

பொம்மை பின்னும் ஆசையை யாரும் விடுவதில்லை, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய அமிகுருமி முறையில் ஆறு சிங்கிளில் தொடங்கி, சுற்றுக்கு ஆறு கூட்டி 12, 18, 24 என்று போவார்கள். பிறகு கூட்டாமல் பின்னி, கடைசியில் அதே கணக்கில் குறைப்பார்கள். நூலுக்குச் சொல்லியிருக்கும் ஊசியைவிட ஒரு அளவு சின்ன ஊசி எடுங்கள், இல்லையென்றால் பஞ்சு கண் வழியாக எட்டிப் பார்க்கும். உள்ளே ரெக்ரான் என்ற பாலியஸ்டர் பஞ்சு. இலவம் பஞ்சு தலையணைக்கு அருமை, துவைக்கிற பொம்மைக்கு ஆகாது; நனைந்தால் கட்டிகட்டியாக ஒதுங்கும். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு என்றால் பட்டன் கண், மணி, பிளாஸ்டிக் மூக்கு எதுவும் தைக்காதீர்கள். எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் கடித்து இழுத்தால் ஒருநாள் வரும். கண்ணும் வாயும் எம்பிராய்டரி நூலில்.

அப்பாவுக்கு எளிது: கண்ணாடிக் கூடு. 9 சென்டிமீட்டருக்குச் செயின் போட்டு, அதன் இரு பக்கமும் சுற்றிச் சுற்றி சிங்கிளாகவே 17 சென்டிமீட்டர் வரை ஏறுங்கள், பை தானாக வந்துவிடும். உள்ளே பழைய வேட்டித் துணியில் லைனிங் அவசியம். இல்லாவிட்டால் குரோஷா இழுபட்டுக் கண்ணாடி நழுவும். அடர்ந்த நீலமோ காப்பி நிறமோ எடுங்கள், ஆண்கள் துவைக்கப் போடுவதில்லை.

அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலம் எப்படியும் கொடுப்பீர்கள். அதற்குச் சுருக்குப்பை தைக்கலாமே! எல்லார் வீட்டு பீரோவிலும் நவராத்திரிக்கு வந்து, அடுத்த வீட்டுக்குப் போய், மறுவருஷம் திரும்பி வரும் ரவிக்கைத் துணிக் கட்டு ஒன்று இருக்கும். அதை அவிழுங்கள். 80 சென்டிமீட்டர் துண்டு, 36 இஞ்சு அகலம் என்றால் 9க்கு 22 இஞ்சாக நாலு பை வரும், மிச்சத்தில் நாடா. பாலியஸ்டர் துண்டாக இருந்தாலும் இதற்குப் பரவாயில்லை. பிசிர் மட்டும் அதிகம் வரும் என்பதால் ஓரத்தைக் கத்தரித்ததும் ஒரு ஜிக்ஜாக் ஓட்டிவிடுங்கள். வெட்டுவது எல்லாவற்றையும் ஒரே நாளில், தைப்பது எல்லாவற்றையும் ஒரே நாளில் என்று வைத்துக்கொண்டால் ஐம்பது பை மலைப்பாக இருக்காது. பை பையாகத் தொடங்கி முடித்தால் இருபதில் அலுத்துவிடும்.

நிறத்தைப் பற்றி ஒரு வரி: கல்யாணம், வளைகாப்பு, அறுபது மூன்றுக்கும் கறுப்பு வேண்டாம். உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் அந்த வீட்டில் ஒரு பெரியவர் முகம் சுளிப்பார்.

குரோஷாவில் துவையலுக்கு முதலில் பலியாவது நூல் முனை. முடிச்சுப் போட்டு ஒட்ட நறுக்குவது பலருக்கும் பழக்கம். அந்த முடிச்சு மூன்றாவது துவையலில் நழுவும், பிறகு வரிசையாகக் கண் விட்டுக்கொண்டே போகும். ஆறு இஞ்சு நூல் விட்டு வெட்டுங்கள். மொட்டை ஊசியில் கோத்து, பின்னலின் பின்பக்கம் இரண்டு இஞ்சு ஒரு திசையில் ஓட்டி, ஒரு கண் தாண்டித் திரும்பி எதிர்த்திசையில் ஓட்டி, இன்னொரு தடவை குறுக்கே எடுத்த பிறகு நறுக்கலாம். பின்னலை ஒருமுறை இழுத்துவிட்டுப் பிறகு நறுக்குவது நல்லது, இல்லையென்றால் முனை வெளியே துருத்தும். பருத்திப் பின்னலை நனைத்து, துவாலையில் சுருட்டிப் பிழிந்து, வேண்டிய வடிவத்துக்குக் குண்டூசி குத்திக் காயவிட்டால் சிப்பிகள் நிமிர்ந்து நிற்கும். அக்ரிலிக் மேல் மட்டும் இஸ்திரிப்பெட்டி வைக்காதீர்கள். ஒருமுறை பட்டாலே தொய்ந்துவிடும், திரும்ப வராது.

எந்தப் பரிசையும் நீங்களே ஒருமுறை துவைத்துக் காயவைத்துவிட்டுக் கொடுங்கள். பிரியவேண்டியது உங்கள் வீட்டிலேயே பிரியட்டும். வேலை வரிசை என்று கேட்டால், தலையணை உறையை இப்போதே தொடங்கிவிடுங்கள், லேஸுக்குத்தான் நேரம் பிடிக்கும். சேலை விரிப்பின் ஓட்டுத்தையலை டிவி பார்த்துக்கொண்டே போடலாம், அதற்கு இன்னும் இரண்டு மாதம் கையில் இருக்கிறது. சுருக்குப்பைக்கு அம்மாவையும் சித்தியையும் வெட்டுகிற வேலையில் உட்கார வைத்துவிடுங்கள். பொட்டலம் கட்டும்போது ஒரு சீட்டில் துணி, நூல் இரண்டும் பருத்தி, முதல் இரண்டு தடவை தனியாக அலசவும், இஸ்திரி போடலாம் என்று எழுதி, அதே நூலில் இரண்டு மீட்டரைச் சுற்றிக் கூடவே வையுங்கள். எங்காவது சிப்பி அறுந்தால் தைக்க அது வேண்டியிருக்கும்.